பாதியாய்க் கிழித்த படம்

நான் வேலை செய்யும் ரெஸ்ரோரண்டுக்கும் ட்ராம் தரிப்பிடத்துக்கும் நடுவில் ஒரு சின்னப் புத்தகக் கடை இருக்கிறது. மத்தியானச் சமையல் முடிந்து, கோப்பை கழுவி, நிலம் துடைத்து வெளியில் வர மூன்று மணியாகிவிடும். பின்னேர வேலை ஆறு மணிக்கு. இடையில் வீட்டுக்குப் போய் வரக் கட்டாது. மழைக்கும் குளிருக்கும் நான் ஒதுங்குகிற இடம் அந்தக் கடைதான். பெரிய கொம்பனிகளின் கடை இல்லை, ஒரு அம்மா தனியாக நடத்துகிறா. நடு மேசையில் புகைப்படப் புத்தகங்களும் ஓவியப் புத்தகங்களும் பரப்பியிருக்கும். தனக்குப் பிடித்த புத்தகத்துக்குள் கையால் எழுதிய துண்டு ஒன்றைச் செருகி வைப்பா. வாங்காமல் நின்று புரட்டினாலும் முகம் சுளிக்க மாட்டா.

போன மாரியில் ஒரு புத்தகத்தில் இருந்த துண்டில் இப்படி எழுதியிருந்தது: "இந்த நகரத்தை யார் கட்டினார்கள் என்று அறிய விரும்புகிறவர்களுக்கு." நகரம் ஜெனீவா. புத்தகம் ஜோன் பேர்ஜர் எழுத, ஜான் மோர் படம் பிடித்த 'ஏழாவது மனிதன்'. ஆங்கிலத்தில் 1975இல் வந்தது. நான் பார்த்தது பிரெஞ்சுப் பதிப்பு.

யாழ்ப்பாணம் பல்கலைக்கழகத்தில் நான் சரித்திரம் படிக்கத் தொடங்கினவன். 2006 ஓகஸ்டில் A9 பாதை பூட்டினதோடு படிப்பும் நின்றது. 2007இல் இங்கே வந்து சேர்ந்தேன். படிப்பை முடிக்காதவன் சரித்திரம் எழுதலாமோ என்று கேட்பவர்கள் கேட்கட்டும். இந்தப் புத்தகத்தைப் பற்றி எங்கள் ஆட்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில் புத்தகம் வந்த கதை. பேர்ஜர் இங்கிலாந்துக்காரர். ஓவியம் படித்தவர், கலை விமர்சகர். 1972இல் அவருடைய 'ஜி' என்ற நாவலுக்கு புக்கர் பரிசு கிடைத்தது. தொகை 5,000 பவுண்ஸ். பரிசு கொடுத்தது புக்கர் மக்கொன்னல் என்ற கொம்பனி. கரீபியன் பக்கம், முக்கியமாகக் கயானாவில், கரும்புத் தோட்டங்களால் காசு பார்த்த கொம்பனி. மேடையில் ஏறிய பேர்ஜர் அதைச் சொல்லியே பரிசை வாங்கினார். பாதியை லண்டனில் இருந்த கறுப்புச் சிறுத்தைகள் இயக்கத்துக்குக் கொடுத்தார். மிச்சப் பாதியில் ஐரோப்பாவுக்கு வேலை தேடி வந்த தொழிலாளர்களைப் பற்றிய இந்தப் புத்தகத்தைச் செய்யத் தொடங்கினார். அந்தக் கயானாத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் சென்னையில் இருந்து போன தமிழர்களும் உண்டு. எங்கட இனத்து ஆட்களின் வியர்வையும் ஒரு துளி அந்தக் காசில் இருந்திருக்கும்.

படம் பிடித்த மோர் ஜெனீவாவில் 1925இல் பிறந்தவர். பெற்றோர் ஜேர்மனியில் இருந்து வந்தவர்கள். செஞ்சிலுவைச் சங்கத்துக்காகப் பாலஸ்தீன அகதிகளிடையே வேலை செய்தவர். அகதி என்றால் யார் என்று அவருக்கு நாங்கள் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. பேர்ஜர் 2017இலும் மோர் 2018இலும் காலமானார்கள்.

தலைப்பு ஹங்கேரியக் கவிஞர் அத்தில யோசெப்பின் கவிதை ஒன்றிலிருந்து எடுத்தது. அதோடு ஒரு கணக்கும் உண்டு. அந்த நாட்களில் ஜேர்மனியிலும் பிரித்தானியாவிலும் உடலுழைப்புத் தொழிலாளர்களில் ஏழு பேருக்கு ஒருவர் வெளியில் இருந்து வந்தவர். புத்தகத்துக்கு மூன்று பகுதிகள்: புறப்பாடு, வேலை, திரும்புதல்.

புறப்பாட்டில் ஒரு படத்தில் நான் நின்றுவிட்டேன். ஒரு ஆளின் முகம், நடுவால் கிழிந்து பாதிதான் இருக்கிறது. கதை இதுதான். சலசாரின் ஆட்சிக் காலத்தில் போர்த்துக்கல்லில் இருந்து ஆயிரக்கணக்கானவர்கள் களவாக எல்லை கடந்து, ஸ்பெயின் மலைகளால் பிரான்சுக்குப் போனார்கள். வழிகாட்டிகளுக்குக் காசு கொடுக்க வேண்டும். முழுக் காசையும் முதலே வாங்கிக்கொண்டு நடு மலையில் விட்டுவிட்டுப் போன வழிகாட்டிகள் கனபேர். அதனால் ஆட்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். புறப்பட முன்னர் ஒரு படம் எடுத்து அதை இரண்டாகக் கிழிப்பார்கள். ஒரு பாதி வழிகாட்டியிடம், மற்றப் பாதி போகிறவரிடம். பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்ததும் அவர் தன் பாதியை வீட்டுக்குத் தபாலில் அனுப்புவார். வழிகாட்டி தன்னுடைய பாதியோடு வீட்டுக்கு வருவான். இரண்டும் பொருந்தினால் காசு.

எனக்குக் கை குளிர்ந்து போச்சு. ஏஜென்சிக்குப் பாதிக் காசு முதலில், மிச்சம் எங்கள் மாமா கையில். "போய்ச் சேர்ந்திட்டன்" என்று என் குரல் கேட்ட பிறகுதான் மாமா அதைக் கொடுக்க வேண்டும் என்பது பேச்சு. போர்த்துக்கீசருக்குக் கிழிந்த படம், எங்களுக்கு ரெலிபோன் குரல். எங்களிடமும் படக் கதை இருக்கிறது. நான் வந்தது தலை மாத்தின பாஸ்போட்டில். வேறொருவருடைய பெயர், வேறொருவருடைய பிறந்த திகதி, அதில் என்னுடைய முகம். அவர்கள் தங்கள் முகத்தைக் கிழித்தார்கள், நாங்கள் முகத்தை இன்னொருவர் பெயரில் ஒட்டினோம்.

அடுத்து இஸ்தான்புல் படங்கள். 1961இல் ஜேர்மனி துருக்கியோடு ஆள் எடுக்கும் ஒப்பந்தம் செய்தது. ஜேர்மன் வைத்தியர்கள் அங்கேயே போய் ஆட்களைச் சோதித்தார்கள். வளர்ந்த ஆம்பிளைகள் உள்ளாடையோடு வரிசையில் நிற்கிறார்கள். உடம்பில் மையால் எண் எழுதியிருக்கிறது. ஒருவரும் கமராவைப் பார்த்துச் சிரிக்கவில்லை. மோர் அவர்களை அழகாகக் காட்ட முயலவில்லை, பரிதாபமாகக் காட்டவும் முயலவில்லை.

இனி சுவிஸ் கதை. இது எங்கள் பிள்ளைகளுக்கும் தெரியாது. 'பருவகாலத் தொழிலாளி' என்று ஒரு அனுமதி இங்கே 1930களில் இருந்து 2002 வரை இருந்தது. வருசத்தில் ஒன்பது மாதம் மட்டும் வேலை. பிறகு ஊருக்குப் போக வேண்டும். மனைவி பிள்ளைகளைக் கூட்டிவர முடியாது. இருப்பிடம் பெரும்பாலும் மரக் கொட்டில். இத்தாலியர், ஸ்பானியர், யூகோஸ்லாவியர், பிறகு போர்த்துக்கீசர் எல்லோரும் இப்படி வந்தவர்கள். ஜெனீவாவின் வீதிகளுக்குக் கீழே சுரங்கம் வெட்டியவர்களையும் அவர்களின் கொட்டில்களையும் மோர் படம் பிடித்திருக்கிறார். நான் தினமும் நடக்கிற நிலத்துக்குக் கீழே அவர்கள் நிற்கிறார்கள்.

1965 ஓகஸ்ட் 30ஆம் திகதி வலே மாநிலத்தில் மட்மார்க் அணை கட்டுமிடத்தில் பனிப்பாறை உடைந்து விழுந்து 88 பேர் செத்தார்கள். அதில் 56 பேர் இத்தாலியர். கொட்டில்களையும் உணவுச்சாலையையும் பனிப்பாறைக்கு நேர் கீழே கட்டியிருந்தார்கள். ஐந்து வருசம் கழித்து, 1970 யூன் 7ஆம் திகதி, வெளிநாட்டவர் தொகையைக் குறைக்க வேண்டும் என்று சுவார்சன்பாக் கொண்டுவந்த பிரேரணைக்கு வாக்கெடுப்பு நடந்தது. 54 வீதம் வேண்டாம் என்றதால் தோற்றது. 46 வீதம் வேணும் என்றது. வாக்களித்தவர்கள் எல்லோரும் ஆண்கள். பெண்களுக்கு நாட்டு மட்டத்தில் வாக்குரிமை அடுத்த வருசம்தான் கிடைத்தது.

பிறகு 80களில் நாங்கள் வந்தோம். தோல் ஜக்கற் போட்ட தமிழர்கள், தூள் விக்கிறவர்கள் என்று பத்திரிகைகள் எழுதின. அந்த ஜக்கற்றுகள் பலதும் இனாமாய்க் கிடைத்த பழைய உடுப்பு என்று பழைய ஆட்கள் சொல்லுவார்கள். இப்போது எங்களை நல்ல உழைப்பாளிகள் என்கிறார்கள். ஆள் மாறவில்லை, எங்களுக்குப் பின்னால் வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள்.

இதை எழுதக் காரணமே அந்தக் கடைசி வசனம்தான். 2015இல் எங்கள் குசினிக்குக் கோப்பை கழுவ ஒரு எரித்திரியப் பெடியன் வந்தான். நான் அப்போது கழுவுகிற இடத்திலிருந்து மரக்கறி வெட்டுகிற இடத்துக்கு உயர்ந்திருந்தேன். பக்கத்தில் நின்ற போர்த்துக்கீசச் சமையல்காரரிடம் சொன்னேன்: "இவங்கள் சும்மா காசுக்கு வாறவங்கள், எங்களை மாதிரி இல்லை." அவர் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எனக்கு ஆறு வயசில அம்மா அப்பா என்னைக் களவா இஞ்ச கொண்டுவந்தவை. ரெண்டு பேருக்கும் பருவகால அனுமதிதான். நான் பகல் முழுக்க வீட்டுக்குள்ள. சத்தம் போடக்கூடாது, ஜன்னலுக்குக் கிட்டப் போகக்கூடாது. மணி அடிச்சா அலுமாரிக்குள்ள போய் இருக்கவேணும். அப்பவும் எங்களைக் காசுக்கு வந்தவங்கள் எண்டுதான் சொன்னவை."

இப்படி ஒளிந்து வளர்ந்த பிள்ளைகள் இந்த நாட்டில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களை அலுமாரிப் பிள்ளைகள் என்றே சொல்வார்கள். அது அன்று எனக்குத் தெரியாது. அவரோடு எட்டு வருசம் ஒரே அடுப்படியில் நின்றும் நான் கேட்டதில்லை. இந்தப் புத்தகத்தை அவருக்குக் காட்டினேன். கொட்டில் படத்தில் கனநேரம் நின்றார். "அப்பா இப்படி ஒண்டிலதான் இருந்தவர்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

புத்தகத்தில் குறை இல்லாமல் இல்லை. இது ஆண்களின் கதை. பெண்களும் இலட்சக்கணக்கில் வேலைக்கு வந்தார்கள், அதற்கு இன்னொரு புத்தகம் வேண்டும் என்று அவர்களே முன்னுக்குச் சொல்லிவிடுகிறார்கள். மற்றது மூன்றாவது பகுதி, திரும்புதல். அந்தத் தொழிலாளி தான் ஒருநாள் ஊருக்குப் போவேன் என்று நினைத்தே உழைக்கிறான். அகதிக்கு அந்த அத்தியாயம் வேறு மாதிரி. அம்மா 2011இல் செத்தபோது என்னிடம் இருந்த பேப்பரோடு ஊருக்குப் போக ஏலாது. உண்டியலில் காசு போனது, நான் போகவில்லை. பேர்ஜர் எழுதாத அந்தப் பகுதியை நாங்கள்தான் எழுத வேண்டும்.

ஆனால் எங்களிடம் படம் எங்கே? என்னுடைய முதல் ஐந்து வருசத்தில் பதினேழு படங்கள் இருக்கின்றன. எண்ணிப் பார்த்தேன். ஆற்றங்கரையில் ஒன்று, பனிக்குள் இரண்டு, யாரோ ஒருவருடைய காரில் சாய்ந்தபடி நாலு, மிச்சம் கலியாண வீடு, பிறந்தநாள். எல்லாம் ஊருக்கு அனுப்ப எடுத்தவை. குசினிக்குள் ஏப்ரனோடு நிற்கிற படம் ஒன்றுகூட இல்லை. அம்மா சாகும்வரை நான் ஏதோ ஒபீசில் வேலை என்றுதான் நினைத்திருந்தா. அந்தப் பொய்யை நான் வாயால் சொல்லவில்லை. படங்கள் சொல்லின.

உங்களிடமும் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையப் படங்கள் கட்டிலுக்குக் கீழே கிடக்கும். எடுத்துப் பாருங்கள். கேம்பில் எடுத்தது, வேலையில் எடுத்தது, பத்துப்பேர் ஒரு அறையில் படுத்த காலத்தில் எடுத்தது ஏதும் இருந்தால் பின்பக்கத்தில் வருசம், இடம், நிற்கிறவர்களின் பெயர் எழுதி வையுங்கள். கார் யாருடையது என்றும் எழுதுங்கள்.

புத்தகத்தை வாங்கிவிட்டேன். போன கிழமை அந்த எரித்திரியப் பெடியனைக் கொண்டு ஒரு படம் எடுப்பித்தேன். அவன் இப்போது பெடியனும் இல்லை, கோப்பை கழுவுகிறவனும் இல்லை. இரவு வேலை முடிந்து, கழுவுகிற இடத்துக்கு முன்னால், ஏப்ரனோடு நானும் போர்த்துக்கீசரும். பிறகு கைபேசியை நான் வாங்கி அவனையும் அவரோடு நிற்கவைத்து ஒன்று எடுத்தேன். இரண்டையும் கழுவி, பின்னால் எங்கள் மூன்று பேரின் பெயரும் எழுதி வைத்திருக்கிறேன்.