செத்த காலேஜும் உயிர்க் காலேஜும்

சென்னையின் பழைய பேச்சுவழக்கில் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் 'செத்த காலேஜ்' என்று பெயர். விலங்குக் காட்சிசாலைக்கு 'உயிர்க் காலேஜ்' என்று பெயர். கேட்டவுடன் சிரிப்பு வரும். ஆயினும் இவ்விரு சொற்களும் ஒரு வரலாற்று உண்மையைச் சுமந்து நிற்கின்றன. இரண்டு நிறுவனங்களும் ஒரு காலத்தில் ஒரே வளாகத்தில் இருந்தவை.

1851இல் தொடங்கப்பெற்ற அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்டு பால்ஃபர் ஒரு மருத்துவர். உயிருள்ள விலங்குகளைக் காண மக்கள் திரள்வதைக் கண்ட அவர், கர்நாடக நவாபின் விலங்குத் தொகுப்பைக் கேட்டுப் பெற்று, 1855இல் அங்கேயே காட்சிசாலையை அமைத்தார். ஓராண்டுக்குள் அங்கிருந்த உயிரினங்கள் 300ஐக் கடந்தன. 1860களில் அது நகராட்சியின் பொறுப்புக்கு மாறி, சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடுத்த பீப்பிள்ஸ் பார்க்கில் குடியேறியது. பாடம் செய்த உடல் கண்ணாடிப் பேழையில். உயிருள்ள உடல் இரும்புக் கம்பிக்குள். வேறுபாடு அவ்வளவே. விலங்கு அன்று ஒரு 'மாதிரி'யாகவே கருதப்பட்டது.

கம்பியை அகற்றிவிட்டு அகழியால் விலங்கையும் மனிதரையும் பிரிக்கும் முறையைக் கார்ல் ஹாகன்பெக் 1907இல் ஹாம்பர்க் அருகே நடைமுறைப்படுத்தினார். அம்முறை சென்னைக்கு முழுமையாக வந்துசேர முக்கால் நூற்றாண்டு ஆனது. 1985இல் வண்டலூரில், 1,265 ஏக்கர் காட்டுநிலத்தில், அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. 'காட்சிசாலை' என்ற சொல் நீங்கிப் 'பூங்கா' வந்தது. பெயரிலிருந்து காட்சி அகன்றது. காண்போரின் ஆவல் அகலவில்லை.

இரண்டாண்டுகள் கழித்து, 1987இல், சேஷாசல மலையடிவாரத்தில் திருப்பதி வேங்கடேசுவரா உயிரியல் பூங்கா தோன்றியது. தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் எங்கள் குடுபல்லிப் பக்கத்தில் அது வெறும் 'ஜூ பார்க்'. சர்க்கஸில் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பயன்படுத்துவதற்கு விதிக்கப்பட்ட தடையை 2001இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதன் விளைவாக மீட்கப்பட்ட சிங்கங்களும் புலிகளும் திருப்பதி, வண்டலூர் உள்ளிட்ட மீட்பு மையங்களுக்கு வந்தன. சிங்கங்களுள் பல, ஆசிய ஆப்பிரிக்க இனங்கள் கலந்து பிறந்தவை. ஆதலால் அவை இனம் பெருக்க இடமளிக்கப்படவில்லை. முதுமையில் ஒவ்வொன்றாக மறைவதே அவற்றுக்கு விதிக்கப்பட்ட முடிவு. ஒருகாலத்தில் எண்ணிக்கையைப் பெருக்குவதையே பெருமையாகக் கொண்ட ஒரு நிறுவனம், எண்ணிக்கை குறைந்து முடிவதைக் கருணையோடு காத்திருந்தது. பால்ஃபர் காலத்தினர் இதைப் புரிந்துகொண்டிருக்கவே மாட்டார்கள்.

அடுத்த மாற்றம் யானையைத் தொட்டது. உயிரியல் பூங்காக்களிலும் சர்க்கஸ்களிலும் உள்ள யானைகளை முகாம்களுக்கு மாற்றுமாறு 2009இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் பணித்தது. நெடுந்தொலைவு நடக்கும் பேருயிருக்கு எந்த அடைப்பும் போதாது என்பதே அதன் பொருள்.

எங்களுக்கு இது ஏட்டுச் செய்தி அன்று. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் யானையே இல்லாதிருந்த சித்தூர்க் காடுகளுக்கு, 1980களில் தமிழகக் கருநாடக எல்லைகளைக் கடந்து யானைகள் வந்தன. 1990இல் அவற்றுக்காகக் கௌண்டின்யா சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அன்றுமுதல் குப்பம், பலமனேர் வட்டாரத்து உழவர் வயலில் இரவுக் காவல் இருக்கின்றனர். பயிரும் போகிறது, சில வேளைகளில் மனித உயிரும் யானையின் உயிரும் போகின்றன.

கூண்டிலிருந்து விலங்கை விடுவிக்க வேண்டும் என்று நகரத்தில் இருந்துகொண்டு சொல்வது எளிது, நானும் சொல்கிறேன். ஆனால் விடுதலை பெற்ற விலங்கு வாழும் இடம் யாரோ ஒருவரின் கேழ்வரகுக் கொல்லையை ஒட்டியே இருக்கிறது. நட்ட பயிருக்கு உரிய இழப்பீடு உரிய காலத்தில் அவ்வுழவருக்குக் கிடைக்கும்வரை, 170 ஆண்டுகளாக 'உயிர்க் காலேஜ்' நடத்திய நாம் அதன் கடைசிப் பாடத்தைப் படித்து முடித்ததாகச் சொல்ல இயலாது.