ஒரே டிஸ்க், இரண்டு முகம்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

"சார், லினக்ஸ்ல நல்லா ஓடுது, விண்டோஸ் போட்டா மட்டும் டிஸ்க் கெட்டுப்போகுது" என்று உங்களில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். நான் கணினி படித்தவன் அல்ல, ஆசிரியர் பயிற்சி முடித்தவன். ஆனால் கணக்கு வகுப்பில் அடங்கி உட்கார்ந்திருக்கும் பையன் அடுத்த பீரியடில் மட்டும் குறும்பு செய்தால், பையனை மட்டும் அடித்துப் பயனில்லை என்பது எனக்குத் தெரியும். ஹார்ட் டிஸ்க்கின் வரலாற்றிலும் இப்படிச் சில வழக்குகள் உண்டு.

1990களின் நடுவில் 486, பென்டியம் மதர்போர்டுகள் பலவற்றில் ஆர்இசட்1000, சிஎம்டி640 என்ற இரண்டு டிஸ்க் கட்டுப்பாட்டுச் சில்லுகள் இருந்தன. டாஸ் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும், அதனால் அதில் பெரும்பாலும் பிரச்சினை தெரியவில்லை. ஓஎஸ்/2, விண்டோஸ் என்டி, லினக்ஸ் போன்றவை பல வேலைகளை ஒன்றாகச் செய்பவை. டிஸ்க்கைப் படித்துக்கொண்டிருக்கும்போதே ஃப்ளாப்பியையும் தொட்டால், சில பைட்டுகள் சத்தமில்லாமல் மாறிப்போயின. பிழைச் செய்தி எதுவும் வராது! பழி புதிய இயங்குதளத்தின் மீது விழுந்தது, குற்றவாளியோ சில்லு. லினக்ஸ்காரர்கள் அந்தச் சில்லுகளைக் கண்டுபிடித்துச் சமாளிக்கும் நிரலைக் கர்னலிலேயே சேர்த்தார்கள். ஆர்இசட்1000 விஷயத்தில் வேகம் கொஞ்சம் குறைந்தது, தகவல் பிழைத்தது.

இரண்டாவது வழக்கு எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது முழுக்கக் கணக்கு. பழைய ஐடிஇ டிஸ்க்குகளில் ஒவ்வொரு செக்டருக்கும் 28 பிட் முகவரி. 2-இன் 28ஆம் அடுக்கு 26,84,35,456. ஒரு செக்டர் 512 பைட். பெருக்கிப் பாருங்கள்: 13,743 கோடிக்குச் சற்று மேல், அதாவது 137 ஜிகாபைட். அதற்கு மேல் முகவரி எழுத இடமே இல்லை. 2001இல் 160 ஜிபி டிஸ்க் கடைக்கு வந்துவிட்டது. 48 பிட் முகவரி முறையும் வந்தது. ஆனால் அதே ஆண்டு வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி அதைத் தானாகப் பயன்படுத்தவில்லை, 2002இல் வந்த முதல் சர்வீஸ் பேக்தான் சரிசெய்தது. லினக்ஸின் 2.4 வரிசையிலும் பிந்தைய பதிப்புகளில் இந்த வசதி வந்தது.

நம் வீட்டுப் பழைய மின்சார மீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். 9999க்குப் பிறகு 0000. அதே கதைதான் இங்கும். 137 ஜிபியைத் தாண்டிய பகிர்வில் விண்டோஸ் 98 எழுதப் போனால், எண் சுற்றி வந்து டிஸ்க்கின் தொடக்கத்தில் எழுதிவிடும். தொடக்கத்தில்தானே பகிர்வு அட்டவணை இருக்கிறது! அந்த எல்லையைத் தாண்டாத வரை எல்லாம் ஒழுங்காக இருக்கும். பிறகு ஒரு நாள் கல்யாணப் புகைப்படங்களைச் சேமிக்கும்போது மொத்தமும் காணாமல் போகும். கடைக்காரர் வேறு கணினியில் மாட்டிப் பார்த்து, "டிஸ்க் நல்லாத்தான் இருக்கு" என்பார். அவர் சொல்வதும் உண்மைதான். எத்தனை நல்ல டிஸ்க்குகள் குப்பைக்குப் போயினவோ!

மூன்றாவது, 2007இல் உபுண்டு பயனர்களிடையே எழுந்த சர்ச்சை. மடிக்கணினி டிஸ்க், மின்சாரம் மிச்சப்படுத்தத் தன் தலையைத் தூக்கி ஓரமாக வைத்துக்கொள்ளும். லினக்ஸ் சில நொடிகளுக்கு ஒருமுறை ஏதாவது குறிப்பு எழுதி அதை எழுப்பிவிடும். 'டிக்... டிக்' என்று ஓசை. இத்தகைய டிஸ்க்குகள் பலவற்றுக்கு 6 லட்சம் முறை என்பதே உத்தரவாத அளவு. நிமிடத்துக்கு இரண்டு முறை, இரவும் பகலும் ஓடுகிறது என்றால் எத்தனை நாள் தாங்கும்? (விடை: ஏறக்குறைய 208 நாள். கணக்குப் போடாமல் விடையைப் பார்த்தவர்கள் கையைத் தூக்கவும்!) எச்டிபார்ம் கட்டளையால் மின்சேமிப்பு எண்ணை 254க்கு மாற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இப்போது அடிக்கடி வரும் கேள்வி: லினக்ஸில் விண்டோஸ் பகிர்வைத் திறக்க முடிகிறது, எழுத முடியவில்லை. விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக உறங்குவதில்லை, அரைக்கண் மூடியபடி இருக்கும். அந்த நிலையில் எழுதினால் ஆபத்து என்று லினக்ஸ் மறுக்கிறது. அந்த வசதியை அணைத்துவிடுங்கள், போதும்.

டிஸ்க்கின் உண்மையான உடல்நிலை தெரிய 'ஸ்மார்ட்' குறிப்புகளைப் பாருங்கள். அதை டிஸ்க்கே தனக்குள் எழுதி வைக்கிறது, எந்த இயங்குதளமும் அதில் தலையிடுவதில்லை. மாற்றி ஒதுக்கிய செக்டர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் நோயாளி, உடனே நகல் எடுங்கள். சிஆர்சி பிழை மட்டும் ஏறினால் முதலில் கேபிளை மாற்றுங்கள்.

யார் வீட்டுப் பரணிலாவது பழைய 160 ஜிபி டிஸ்க் கிடந்தால், எடைக்குப் போடும் முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.