அரைப்படி நெல்லும் ஒரு நாவலும்

போன பொங்கல் லீவுக்கு வாலாஜாபாத் போயிருந்தேன். அய்யம்பேட்டையில் பட்டுத்தறி நெய்கிற அண்ணன் ஒருவர், நான் படிக்கக் கொடுத்திருந்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’.

“எப்படி இருந்துச்சுண்ணே?”

“தூக்கம் போச்சு தம்பி” என்றார். அதை எதிர்பார்த்தேன். அடுத்து வந்ததை எதிர்பார்க்கவில்லை. “கூலி கேட்டதுக்குக் கொளுத்தினான்னா புரியுது. ஆனா அவனுக்கு உடம்புல ஏதோ குறை, அதை மறைக்கத்தான் இத்தனையும்னு வருதே. அப்போ குறை இல்லாத முதலாளி கொளுத்தமாட்டானா?”

அண்ணி பாதியிலேயே மூடிவிட்டாராம். “குழந்தைங்க எரியற கதையை எதுக்குப் படிக்கணும்?” என்றார்.

தமிழில் வன்முறையைச் சொல்லும் நாவல்களைப் பற்றி வாசகர்களுக்கு இருக்கும் இரண்டு பெரிய புகார்களும் ஒரே வீட்டில் கிடைத்துவிட்டன. ஒன்று, இவ்வளவு இருட்டு தேவையா? இன்னொன்று, இருட்டைத் தப்பான இடத்தில் காட்டினால் என்ன ஆகும்? இரண்டாவது கேள்வி என்னையும் குத்தியது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம்.

1968 டிசம்பர் 25. அன்றைய கீழத்தஞ்சையில், நாகப்பட்டினம் பக்கத்தில் கீழ்வெண்மணி. தலித் விவசாயத் தொழிலாளர்கள் செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்து நெல்கூலியை உயர்த்திக் கேட்டார்கள். அரைப்படி நெல் கூடக் கேட்டதற்காக என்று இன்றைக்கும் சொல்வார்கள். அரைப்படி மட்டும் இல்லை. கொடியை இறக்கு, எங்கள் சங்கத்துக்கு வா என்பது மிராசுதார்களின் நெல் உற்பத்தியாளர் சங்கம் கொடுத்த நெருக்கடி. அதோடு வெளியூர் ஆட்களை இறக்கி அறுவடை செய்வதில் தகராறு. அன்று மாலை மிராசுதார் தரப்பு ஆள் ஒருவர் கொல்லப்பட்டார். இரவில் மிராசுதார் கூட்டம் சேரிக்குள் புகுந்தது. தப்பிக்க வழியில்லாதவர்கள் ராமையாவின் குடிசைக்குள் ஒளிந்தார்கள். குடிசைக்குத் தீ வைத்தார்கள். இறந்தவர்கள் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும்.

அப்போது முதலமைச்சர் நம்ம காஞ்சிபுரத்துக்காரர், நெசவாளர் வீட்டுப் பிள்ளையான அண்ணா. உடல்நிலை மோசமாக இருந்த நேரம். சரியாக 40 நாளில், 1969 பிப்ரவரி 3 அன்று இறந்தார். காஞ்சிபுரம் மாவட்டத்தில் வளர்ந்த எனக்கு அண்ணாவின் இறுதி ஊர்வலக் கூட்டத்தைப் பற்றி வீட்டிலும் பள்ளியிலும் எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். வெண்மணி பற்றி ஒருவர்கூடச் சொன்னதில்லை.

எனக்குச் சொன்னது ‘குருதிப்புனல்’தான். பி.இ. இரண்டாம் வருஷம், ஹாஸ்டலில் ஒரே ராத்திரியில் படித்தேன். 1975இல் வெளிவந்த நாவல். 1977இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கியது. எழுதியவர் கும்பகோணத்தில் வளர்ந்து, டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர். நாவலிலும் டெல்லியிலிருந்து கோபால் என்பவன் கிராமத்துக்கு வருகிறான். எதிரில் நிலக்கிழார் கண்ணையா நாயுடு. அவருக்கு ஆண்மைக் குறை. அதை ஊர் அறியாமல் மூடுவதற்காகவே பெண்கள், அதிகாரம், கடைசியில் நெருப்பு.

இடதுசாரி விமர்சகர்கள் கொதித்தது இதில்தான். கூலிப் போராட்டத்தை ஒரு மனிதனின் உடல் பிரச்சினையாகச் சுருக்கிவிட்டார், மார்க்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஃபிராய்டை உட்கார வைத்துவிட்டார் என்றார்கள். அய்யம்பேட்டை அண்ணன் ஃபிராய்ட் படித்ததில்லை. ஆனால் சேலைக்கு இவ்வளவு கூலி, அதில் அட்வான்ஸுக்கு இவ்வளவு பிடித்தம் என்ற கணக்கு அவருக்கு அத்துப்படி. அதே இடத்துக்கு நேராக வந்து நின்றுவிட்டார்.

இப்போது என் விஷயம். அந்தக் குறை நாவலாசிரியரின் கற்பனை என்று தெரியாமல், நிஜத்தில் குற்றம் சாட்டப்பட்ட கோபாலகிருஷ்ண நாயுடுவுக்கே அது இருந்ததாக நான் பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியது மட்டுமா, ஆபீஸ் கேன்டீனில் நாலு பேருக்கு வரலாறாகவே சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் “ஓ, அப்படியா!” என்று தலையாட்டுவார்கள். யாரும் கூலியைப் பற்றிக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. வழக்கு விவரங்களைத் தேடிப் படித்த பிறகுதான் வெட்கமாக இருந்தது.

ஆனால் அதே வழக்கு விவரங்களில்தான் நாவலுக்கு ஆதரவான விஷயமும் கிடைத்தது. 1970இல் நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட சிலருக்குப் பத்தாண்டு சிறைத்தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அந்தத் தீர்ப்பில் ஒரு வாதம் வருகிறது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் நிறைய நிலம் உள்ள பணக்காரர்கள், ஒருவர் கார் வைத்திருப்பவர். இப்படிப்பட்டவர்கள் வேலைக்காரர்களை அனுப்பாமல் தாங்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம் என்கிற மாதிரி.

யோசித்துப் பாருங்கள். நீதிமன்றத்தால் கற்பனை செய்ய முடியாததை நாவலாசிரியர் கற்பனை செய்தார். சொத்தும் மரியாதையும் உள்ள மனிதன் இதைச் செய்வான் என்று நம்பினார். காரணத்தைத் தப்பான இடத்தில் வைத்தார், உண்மை. ஆனால் செயலை மறைக்கவில்லை. கோபாலகிருஷ்ண நாயுடு 1980 டிசம்பரில் கொல்லப்பட்டார். அதோடு கதை முடியவில்லை என்பதற்குச் சாட்சி, நாவல்கள் நிற்கவில்லை. சோலை சுந்தரபெருமாளின் ‘செந்நெல்’, பாட்டாளியின் ‘கீழைத்தீ’, 2014இல் மீனா கந்தசாமி ஆங்கிலத்தில் எழுதிய ‘தி ஜிப்ஸி காடஸ்’. முதல் நாவல் தப்பாகச் சொல்லியதால்தான் இவை வந்தன என்று சொல்லமாட்டேன். ஆனால் அதன் மேல் வந்த கோபம் வீணாகவில்லை என்று தோன்றுகிறது.

அதனால் என் கருத்து இதுதான். இருட்டான நாவலைப் படிக்கலாம், படிக்கணும். ஆனால் மூடி வைத்த பிறகு ஒரு கேள்வி பாக்கி: இதில் யாருடைய காரணம் விடுபட்டிருக்கிறது? அந்தக் கேள்வியை இருபது வயதில் நான் கேட்கவில்லை. அண்ணன் முதல் வாசிப்பிலேயே கேட்டார்.

கிளம்பும்போது பையிலிருந்து ‘செந்நெல்’லை எடுத்துக் கொடுத்தேன்.

“இதுலயாவது கூலி வருதா?”

“வருதுண்ணே.”

“சரி, வெச்சுட்டுப் போ.”

உள்ளே இருந்து அண்ணி குரல் கொடுத்தார். “அதுலயும் அதே குழந்தைங்கதானே?”

ஆமாம் என்றேன்.