அன்று நான் பதில் சொல்லாத கேள்வி



நேற்று பரணைச் சுத்தம் செய்தபோது பழைய பாடக்குறிப்பு நோட்டு ஒன்று கிடைத்தது. ‘பன்மடியம் - பருத்தி’ என்று தலைப்பு. பார்த்ததும் ஒரு பிளஸ் டூ வகுப்பு நினைவுக்கு வந்தது.

நம் கரிசலில் பரம்பரையாக விளைந்த கருங்கண்ணிக்கு 26 குரோமோசோம்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வந்த கம்போடியா பருத்திக்கு 52. (பெயர்தான் கம்போடியா, இனம் அமெரிக்கா.) இரண்டு 26 சேர்ந்து 52 ஆனது, ஒன்று ஆசிய-ஆப்பிரிக்க வகை, மற்றது அமெரிக்கக் காட்டு வகை என்று கரும்பலகையில் எழுதினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். “சார், நடுவுல கடல் இருக்கே, எப்படி சார் சேர்ந்துச்சு?”

“அது பரீட்சைக்கு வராது, உட்காரு” என்றேன். வகுப்பே சிரித்தது. அந்த வருடம் முழுக்க அவன் கை தூக்கவில்லை. உண்மையில் எனக்குப் பதில் தெரியாது. ஓய்வு பெற்ற பிறகுதான் உட்கார்ந்து படித்தேன்.

1934-ல் ஸ்கோவ்ஸ்டெட் என்ற ஆய்வாளர் அமெரிக்கப் பருத்தியின் 26 ஜோடிகளில் 13 பெரியவை, 13 சிறியவை என்பதைக் கவனித்தார். பெரியவை ஆசிய வகையை ஒத்திருந்தன, சிறியவை அமெரிக்கக் காட்டு வகையை. இரண்டு குடும்பங்கள் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன என்றார். 1940-ல் டெக்சாஸில் பீஸ்லி அதைச் செய்தே காட்டினார். கருங்கண்ணியின் இனமான ஆர்போரியத்தை அமெரிக்கக் காட்டுப் பருத்தி ஒன்றோடு கலந்தார். பிறந்த செடி மலடு. ஒரு பக்கத்து 13-க்கு மறுபக்கத்து 13-ல் சரியான ஜோடி கிடையாது. கொல்கிசின் கொடுத்ததும் (நம் செங்காந்தள் கிழங்கில் இருக்கும் அதே நஞ்சு) குரோமோசோம்கள் இரட்டித்தன. ஒவ்வொன்றுக்கும் ஜோடி கிடைத்தது, செடி காய்த்தது. அந்த மனிதர் மூன்றே ஆண்டுகளில் உலகப் போரில் இத்தாலியில் இறந்துபோனார். படிக்கும்போது மனசு கனத்துவிட்டது.

சரி, கடல்? அவன் கேட்டதையே பெரியவர்களும் கேட்டிருக்கிறார்கள். இந்தூரில் பணியாற்றிய ஹட்சின்சனும் அவருடைய கூட்டாளிகளும் 1947-ல், மனிதன்தான் ஆசியப் பருத்தியைப் பசிபிக் வழியே கொண்டுபோயிருக்க வேண்டும் என்று எழுதினார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பின்னால் வந்த டி.என்.ஏ. கணக்கு அதைத் தள்ளிவிட்டது. கலப்பு நடந்தது ஏறத்தாழ 10 முதல் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன். அப்போது அமெரிக்காவில் மனிதனே கிடையாது. விதை தானாகத்தான் கடல் தாண்டியிருக்க வேண்டும். பருத்தி விதை உப்பு நீரில் வெகுநாள் உயிர் தாங்கும். ஹவாய்த் தீவிலும் கலாபகஸ் தீவுகளிலும் அந்தந்தத் தீவுக்கே உரிய 52 குரோமோசோம் காட்டுப் பருத்திகள் இருக்கின்றன. அவற்றை யாரும் கப்பலில் ஏற்றிப் போகவில்லை.

கடல் தாண்டி வந்தது தாய். 1989-ல் வென்டல் என்பவர் பசுங்கணிகத்தின் டி.என்.ஏ.வை வைத்து இதை உறுதி செய்தார். அது பருத்தியில் தாய் வழியாக வருவது. அமெரிக்கப் பருத்தியில் இருப்பது பழைய உலகத்து வகை. தந்தைக்கு இன்றைய நெருங்கிய சொந்தம் பெரு நாட்டுக் காட்டுச் செடி ஒன்று. அதன் விதையில் நூற்கத்தக்க பஞ்சே கிடையாது!

என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதுதான். 1998-ல் பேட்டர்சன் குழு, நல்ல இழைக்குக் காரணமான மரபணுப் பகுதிகளைத் தேடியபோது அவற்றில் பல அந்தப் பஞ்சில்லாத தந்தை வழிப் பாதியில்தான் கிடைத்தன. அந்தப் பக்கத்து மரபணுக்கள் தாயின் பஞ்சோடு சேர்ந்த பிறகுதான் புதிய வேலைக்குப் பழகியிருக்கின்றன. தாய் வழிப் பாதி அளவில் ஏறக்குறைய இரு மடங்கு பெரிது. ஆனால் மரபணுக்கள் அதே விகிதத்தில் கூடுதல் இல்லை. திரும்பத் திரும்பத் தன்னையே பிரதி எடுத்து இடம் பிடிக்கும் துண்டுகள்தான் அதிகம்.

தம்பி, உன் பெயரை இங்கே எழுதவில்லை. உனக்குத் தெரியும். இந்தப் பதிவைப் பார்த்தால் ஒரு வரி எழுது. அன்று உட்காரச் சொன்னதற்கு மன்னித்துக்கொள். வேறு கேள்வி இருந்தால் அதையும் கேள், படித்துவிட்டுச் சொல்கிறேன்.