கழுவிய தண்ணீரின் மேல் போட்ட பழி

1976 ஜூலை 20 அன்று வைக்கிங் 1 செவ்வாயில் இறங்கியது. செப்டம்பரில் வைக்கிங் 2. அங்கே உயிர் இருக்கா, இல்லையா? ரெண்டும் சுமந்து போன கேள்வி இதுதான்.

கில்பர்ட் லெவினின் சோதனையில், மண்மேல் ஊட்டக் கரைசலைச் சொட்டியதும் வாயு கிளம்பியது. நுண்ணுயிர் தின்று மூச்சு விட்டதுபோல. ஆனால் கிளாஸ் பீமன் குழுவின் கருவி, மண்ணை 500 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி ஆவியைப் பிரித்துப் பார்த்தது. செவ்வாய்க்குரிய கரிமச் சேர்மம் எதுவும் சிக்கவில்லை. உடம்பே இல்லை, அப்புறம் உயிர் எங்கே? கதை முடிந்தது.

கருவியில் குளோரோமீத்தேனும் டைகுளோரோமீத்தேனும் கொஞ்சம் தென்பட்டன. பூமியில் கருவியைச் சுத்தம் செய்த கரைப்பான்களின் மிச்சம் என்று ஒதுக்கிவிட்டார்கள். அன்றைக்கு அது நியாயமான முடிவுதான்.

32 வருஷம் கழித்து, 2008இல், ஃபீனிக்ஸ் வடதுருவப் பகுதி மண்ணைத் தண்ணீரில் கரைத்தது. நைட்ரேட்டுக்காக வைத்திருந்த உணரி எகிறியது. அது நைட்ரேட் என்றால், போட்ட மண்ணைவிட அதிக எடை இருந்திருக்க வேண்டும்! சிக்கியது பெர்குளோரேட், மண்ணில் சுமார் அரை சதவீதம்.

ஒரு குளோரின், நாலு ஆக்சிஜன். குளிரில் இந்த உப்பு சாது. சூடாக்கினால் ஆக்சிஜனைக் கக்கி, பக்கத்தில் இருக்கும் கரிமத்தை எரித்துவிடும். திட எரிபொருள் ராக்கெட்டுகளில் இதைச் சேர்ப்பதே அதற்காகத்தான். வைக்கிங்கை ஏவிய டைட்டன் ராக்கெட்டின் பக்கவாட்டு மோட்டார்களில்கூட இருந்தது இதன் அம்மோனியம் உப்புதான்.

சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் பெர்குளோரேட் இயற்கையாகவே கிடைக்கிறது. அந்த மண்ணில் மெக்னீசியம் பெர்குளோரேட்டைக் கலந்து சூடாக்கினார் மெக்சிகோவின் ரஃபேல் நவாரோ-கொன்சாலஸ். 2010இல் முடிவு வெளியானது: மண்ணிலிருந்த கரிமம் கிட்டத்தட்ட முழுக்க எரிந்துபோய், மிஞ்சியதில் அதே ரெண்டு சேர்மங்கள். அப்படியானால் வைக்கிங் தேடிய பொருளைத் தானே எரித்திருக்கலாம். பீமன் இதை ஏற்கவில்லை, மறுத்து எழுதினார்.

ஆனால் இந்த உப்பு யார் பக்கமும் இல்லை. கதிர்வீச்சு பட்ட பெர்குளோரேட், லெவின் கண்ட வாயுவை உயிரே இல்லாமல் உண்டாக்கும் என்று 2013இல் இன்னொரு குழு காட்டியது. பிறகு கியூரியாசிட்டி செவ்வாய்ப் பாறையில் கரிமச் சேர்மங்களைக் கண்டுபிடித்தது. கரிமம் உண்டு, உயிர் என்பதற்கு அது சாட்சியில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. பதில் 1976லேயே வரைபடத்தில் பதிவாகியிருந்தது. யாரும் அழிக்கவில்லை, மறைக்கவில்லை. அழுக்கு என்று பெயர் மட்டும் வைத்தோம். நாமும் தினமும் எத்தனை பிழைச் செய்திகளை அப்படித் தாண்டிப் போகிறோம்?