ஒரே சொல், இரண்டு மேசை

தொண்ணூறுகளின் நடுவில் நான் வேலை பார்த்த வங்கிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, புரோகிராம் எழுதிய குழுவில் நானும் ஒருவன். அதுவரை டெபாசிட்டுக்கு ஒரு லெட்ஜர், கடனுக்கு ஒரு லெட்ஜர், வேறு வேறு மேசைகளில். ஒரே ஆளின் பெயரை எதற்கு இரண்டு இடத்தில் எழுதுவது என்று எல்லாவற்றையும் ‘வாடிக்கையாளர்’ என்ற ஒரே பதிவில் சேர்த்தோம். பெரிய சாதனை என்று நினைப்பு வேறு!

ஒரு நாள் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் முதிர்ந்த டெபாசிட்டை எடுக்க வந்தார். மறுநாள் வீட்டுக்குத் தளம் போட ஏற்பாடு. திரையில் ‘நிலுவைதாரர்’ என்று வந்தது. பணம் தர முடியவில்லை. அவர் கடனே வாங்கியதில்லை. மைத்துனருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்தக் கடனில் இரண்டு தவணை பாக்கி. இவருக்கு நோட்டீஸ்கூடப் போகவில்லை. கடன் மேசைக்கு ஜாமீன்தாரரும் வாடிக்கையாளர். டெபாசிட் மேசைக்குப் பணம் போட்டவர் மட்டுமே வாடிக்கையாளர். நாங்கள் இரண்டையும் ஒரே கட்டத்தில் அடைத்திருந்தோம். “தம்பி, நான் யாருக்கும் கடன்பட்டவன் இல்லையே” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. தளம் நான்கு நாள் தள்ளிப்போனது.

2003-இல் எரிக் எவன்ஸ் எழுதிய ‘டொமைன் டிரிவன் டிசைன்’ வெளிவந்தது. ஓய்வு பெறும் தறுவாயில்தான் படித்தேன். ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் செல்லுபடியாகும் எல்லையை அவர் ‘பவுண்டட் கான்டெக்ஸ்ட்’ என்றார். ‘சப்டொமைன்’ என்பதோ தொழிலின் உட்பிரிவு: டெபாசிட் வாங்குவது ஒன்று, கடன் கொடுப்பது இன்னொன்று. இரண்டு பெயரும் ஒன்றைத்தானே சொல்கின்றன என்று எனக்கு வெகுநாள் குழப்பம். 2013-இல் வந்த வான் வெர்னானின் நூல்தான் தெளிவாக்கியது. சப்டொமைன் பிரச்சினையின் பக்கம். கான்டெக்ஸ்ட் தீர்வின் பக்கம். முன்னது கம்ப்யூட்டருக்கு முன்பே மேசை மேசையாக இருந்தது. பின்னது நாம் புரோகிராமில் போடும் வேலி.

ஒரு தொழிலுக்கு ஒரு வேலி என்று அமைந்தால் நல்லது. எங்களுக்கோ இரண்டு தொழில் ஒரே வேலிக்குள். பின்னாளில் வேறொரு வங்கி எங்களோடு இணைந்தபோது நேர்மாறு: கடன் என்ற ஒரே தொழிலுக்கு இரண்டு புரோகிராம்கள், சில ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடின.

பழைய குமாஸ்தாக்கள் ஜாமீன்தாரர் பெயரைத் தனிப் பக்கத்தில்தான் எழுதினார்கள். ஏன் என்று நாங்கள் கேட்கவே இல்லை. பதிவுகளைப் பிரித்து, ஒரு எண்ணால் மட்டும் இணைத்து முடிக்க எங்களுக்கு மூன்று மாதம் பிடித்தது. அதற்குள் ஆசிரியர் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார்.