டாட்சன் 280இசட் காரில் நிரல்வழி எரிபொருள் செலுத்துமுறை

இன்ஜினுக்குள் எந்தக் கணத்தில் எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதை, காரின் உரிமையாளரே மாற்றி எழுதக்கூடிய அட்டவணைகளைக் கொண்டு தீர்மானிக்கும் கணினி அமைப்பே நிரல்வழி எரிபொருள் செலுத்துமுறை. கார்பரேட்டருடனோ தொடக்ககால மின்னணுச் செலுத்துமுறையுடனோ விற்கப்பட்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் இதைப் பின்னாளில் பொருத்துகிறார்கள். நிஸ்ஸான் நிறுவனத்தின் டாட்சன் இசட் வரிசை இந்த வேலையைப் புரிந்துகொள்ள மிகவும் ஏற்றது. ஒரே உடலமைப்பும் ஒரே இன்ஜின் குடும்பமும் கொண்ட இந்த வரிசையில் கார்பரேட்டர் காரும் உண்டு, இன்ஜெக்டர் காரும் உண்டு. எது மாறியது, ஏன் மாறியது என்பதை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

இந்த மாற்றத்தில் கணினிப் பெட்டிதான் பெரிய விஷயம் என்று புதிதாக இறங்குபவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் வேலையின் பெரும்பகுதி பெட்டிக்கு வெளியே கிடக்கிறது. பெட்ரோல் குழாய், கிராங்க் சக்கரத்தின் பல், எர்த் வயர் ஆகிய மூன்றும் ஒழுங்காக இருந்தால் எளிய பெட்டியும் நன்றாக ஓட்டும். அவை சரியில்லை என்றால் எவ்வளவு விலை உயர்ந்த பெட்டியும் உதவாது.

காரும் அதன் பழைய அமைப்பும்

ஜப்பானில் ஃபேர்லேடி இசட் என்ற பெயரில் 1969 அக்டோபரில் அறிமுகமான கார் அமெரிக்காவில் டாட்சன் 240இசட் ஆயிற்று. அதன் எல்24 இன்ஜின் ஆறு சிலிண்டர்கள் வரிசையாக அமைந்த 2393 சி.சி. இன்ஜின், இரண்டு ஹிட்டாச்சி கார்பரேட்டர்கள் அதற்குப் பெட்ரோல் கொடுத்தன. அமெரிக்கப் புகைக் கட்டுப்பாடுகள் இறுகியபோது 1974-ல் வந்த 260இசட் காருக்கு வேறு வகைக் கார்பரேட்டர்கள் தரப்பட்டன. வெயிலில் பெட்ரோல் ஆவியாகி இன்ஜின் திணறுவதாக அவற்றின் பெயர் கெட்டது. 1975-ல் வட அமெரிக்காவுக்கான 280இசட் வந்தபோது நிஸ்ஸான் கார்பரேட்டரையே கைவிட்டது. 2753 சி.சி. கொண்ட எல்28 இன்ஜினுக்கு ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் உருவாக்கிய எல்-ஜெட்ரானிக் செலுத்துமுறையைப் பொருத்தியது.

எல்-ஜெட்ரானிக் தன் காலத்துக்கு அருமையான பொறியியல். உள்ளே போகும் காற்று, ஸ்பிரிங்கால் தாங்கப்பட்ட ஒரு மடிப்புக் கதவைத் தள்ளும். கதவு எவ்வளவு திறக்கிறதோ அதற்கேற்ப மின்னழுத்தம் மாறும். ஓட்டுநரின் காலருகே உள்ள பெட்டி, அந்த அளவையும் இன்ஜின் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஆறு இன்ஜெக்டர்களையும் ஒரே நேரத்தில் ஒரு முறை திறக்கும். இதில் நிரல் என்று எதுவும் இல்லை. எல்லாம் மின்தடைகளும் மின்தேக்கிகளும் டிரான்சிஸ்டர்களும் சேர்ந்த சுற்று. ஆகவே கேம்ஷாஃப்டை மாற்றினாலோ டர்போ சேர்த்தாலோ அதற்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வழியில்லை. கதவின் ஸ்பிரிங்கை இறுக்கலாம், தளர்த்தலாம். அதற்கு மேல் எதுவும் செய்ய முடியாது.

எல்லா 280இசட் காருக்கும் இந்த மாற்றம் தேவை என்று சொல்ல முடியாது. மூல நிலையில் உள்ள இன்ஜின் திணறினால் பெரும்பாலும் காரணம் பச்சை பூத்த இணைப்பிகளும் வெடித்த ரப்பர் குழாய்களும்தான். அவற்றைச் சீராக்கிய பிறகு பாஷ் அமைப்பு இன்றும் அழகாக ஓடும். இன்ஜினையே மாற்றியவருக்கும் மூலப் பாகங்கள் கிடைக்காதவருக்கும்தான் நிரல்வழி அமைப்பு உண்மையில் பயன்படும்.

பெட்டி

2001-ல் அமெரிக்காவின் புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ இருவரும் வெளியிட்ட மெகாஸ்குவர்ட் இந்தத் துறையைச் சாதாரண ஆர்வலர்களுக்குத் திறந்துவிட்டது. சர்க்யூட் பலகையும் உதிரிப் பாகங்களும் தொகுப்பாக வரும்; வாங்கியவரே சால்டரிங் செய்து சேர்ப்பார். அதுவரை பந்தயக் குழுக்கள் மட்டும் வாங்கக்கூடிய விலையில் இருந்த ஒன்று வீட்டுப் பட்டறைக்கு வந்தது. ஆர்டுயினோ மெகா பலகையை அடிப்படையாகக் கொண்ட ஸ்பீடுயினோ அதே வழியில் பின்னர் வந்தது. முழுமையாகத் தயாரித்து விற்கப்படுபவற்றில் ஆஸ்திரேலியாவின் ஹால்டெக், மோடெக், நியூசிலாந்தின் லிங்க் ஆகியவை பெயர் பெற்றவை.

இவற்றில் பெரும்பாலானவை காற்றை நேரடியாக அளப்பதில்லை. மேனிஃபோல்டில் உள்ள அழுத்தம், காற்றின் வெப்பம், இன்ஜின் வேகம் ஆகியவற்றிலிருந்து காற்றின் அளவைக் கணிக்கின்றன. கணக்கு எளியது. 2753 சி.சி.யை ஆறால் வகுத்தால் சிலிண்டருக்கு 459 சி.சி. கடல் மட்டத்தில், 20 டிகிரி செல்சியஸில் அவ்வளவு காற்றின் எடை சுமார் 0.55 கிராம். 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற விகிதத்தில் அதற்கு 0.037 கிராம் பெட்ரோல் வேண்டும். கன அளவில் அது ஒரு சி.சி.யில் இருபதில் ஒரு பங்கு. 280இசட்டின் மூல இன்ஜெக்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 188 சி.சி. கொடுக்கும். எனவே அது 16 மில்லி விநாடி திறந்திருக்க வேண்டும். இந்த 16-தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை எண்.

ஒவ்வொரு வேகத்திலும் அழுத்தத்திலும் சிலிண்டர் உண்மையில் எத்தனை விழுக்காடு நிரம்புகிறது என்பதை ஓர் அட்டவணை சொல்லும். மெகாஸ்குவர்ட்டின் முதல் பதிப்பில் அதில் 64 கட்டங்கள். பிந்தைய பதிப்புகளில் 256. நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஒரு முழு இயக்கத்துக்குக் கிடைக்கும் நேரம் 20 மில்லி விநாடி மட்டுமே. சிலிண்டர் 80 விழுக்காடு நிரம்புவதாகவும், முழு வேகத்துக்குரிய செறிந்த கலவை தரப்படுவதாகவும் கொண்டால், இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் நேரத்தையும் சேர்த்து அது 80 விழுக்காட்டுக்கு மேல் திறந்தே கிடக்கும். மூல இன்ஜினுக்கு மூல இன்ஜெக்டர் சரியாகப் போதும். கூடுதல் குதிரைத்திறனுக்கு அதில் இடம் இல்லை.

பெட்ரோலும் வெப்பமும்

280இசட் வைத்திருப்பவருக்குப் பாதி வேலை தொழிற்சாலையிலேயே முடிந்துவிட்டது. உயர் அழுத்த மின் பம்ப்பும் திரும்பும் குழாயும் இன்ஜெக்டர் மேனிஃபோல்டும் ஏற்கெனவே காரில் இருக்கின்றன. 240இசட் உரிமையாளர் அவற்றையெல்லாம் சேர்க்க வேண்டும். அவருடைய காரின் இயந்திரப் பம்ப் கொடுக்கும் அழுத்தத்தைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு, அதாவது 2.5 பார், இன்ஜெக்டருக்குத் தேவை. 280இசட் மேனிஃபோல்டை எல்24 இன்ஜினிலும் பூட்டலாம் என்பது அவருக்குக் கிடைக்கும் பெரிய வசதி. ஆனால் கார்பரேட்டர் காலத் தொட்டியில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது வளைவில் திரும்பினால் பம்ப் காற்றை உறிஞ்சும். கார்பரேட்டரின் சிறு கிண்ணத்தில் இருந்த சேமிப்பு அந்தக் கணத்தைச் சமாளித்தது. இன்ஜெக்டருக்கு அப்படிச் சேமிப்பு கிடையாது. அதனால் இடைநிலைத் தொட்டி ஒன்று வேண்டியிருக்கும்.

குழாய்களில் சிக்கனம் பார்க்கவே கூடாது. கார்பரேட்டருக்கான ரப்பர் குழாய் இந்த அழுத்தத்தைத் தாங்காது. இன்றைய பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனால் பழைய ரப்பரை அரித்தும்விடும். இன்ஜெக்டர் அழுத்தத்துக்கென்று தயாரான குழாயையும் அதற்குரிய கிளாம்பையும் மட்டுமே போட வேண்டும். எல்-ஜெட்ரானிக்கில், கதவு மூடியவுடன் பெட்ரோல் பம்ப்பை நிறுத்தும் தொடர்பு ஒன்று காற்றளவியின் உள்ளேயே இருந்தது. அளவியைக் கழற்றும்போது அந்தப் பாதுகாப்பும் போய்விடுகிறது. இன்ஜின் சுற்றாதபோது பம்ப் ரிலேயைக் கணினி துண்டிக்கும்படி செய்வதும், மோதலில் மின்சாரத்தை அறுக்கும் சுவிட்ச் ஒன்றைச் சேர்ப்பதும் கட்டாயம். விபத்தில் உடைந்த குழாய் வழியாகப் பம்ப் பெட்ரோலைத் தொடர்ந்து தள்ளினால் உயிர் போகும்.

எல் வரிசை இன்ஜினுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. காற்று உள்ளே வரும் மேனிஃபோல்டும் புகை வெளியேறும் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. ஓடி நின்ற காரின் வெப்பம் மேலேறி இன்ஜெக்டர்களைச் சுடுகிறது. குழாயில் பெட்ரோல் ஆவியாகிறது. பத்து நிமிடம் கழித்துச் சாவி போட்டால் இன்ஜின் தள்ளாடுகிறது. காற்று வெப்பச் சென்சார் மேனிஃபோல்டில் இருந்தால் அதுவும் சூடேறி, காற்று அடர்த்தி குறைந்துவிட்டதாகக் கணினியை நம்பவைக்கும். கணினி பெட்ரோலைக் குறைக்கும்; தள்ளாட்டம் இன்னும் கூடும். வெப்பத் தடுப்புத் தகட்டை இடுவதும், சென்சாரை வெளிக்காற்று வரும் குழாய்க்கு மாற்றுவதும்தான் இதற்குச் சரியான மருந்து. அட்டவணையில் எண்களைத் திருத்தி இதை மூடிமறைக்கப் பார்ப்பவர்கள் மாதக்கணக்கில் அலைகிறார்கள்.

கிராங்க் எங்கே இருக்கிறது

பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று கணினிக்குத் தெரியாவிட்டால் மற்றதெல்லாம் வீண். மூல அமைப்பு இக்னிஷன் காயிலின் எதிர்முனையிலிருந்து வேகத்தை அறிந்தது. பெட்ரோலை மட்டும் கணினியிடம் விடுவதானால் அது போதும். தீப்பொறியின் நேரத்தையும் ஒப்படைப்பதானால் கிராங்க் புல்லியில் பல் சக்கரம் வேண்டும். பரவலாகப் பயன்படுவது, 36 பற்களுக்குரிய இடத்தில் ஒரு பல் விடுபட்ட ஃபோர்டு வகைச் சக்கரம். விடுபட்ட இடம் சென்சாரைக் கடக்கும்போது கணினி தன் எண்ணிக்கையைத் தொடங்குகிறது. இடிஐஎஸ் என்ற ஃபோர்டின் தீப்பொறிப் பெட்டியை ஆறு சிலிண்டருக்குப் பயன்படுத்தினால், முதல் பிஸ்டன் உச்சியை அடைய 60 பாகை இருக்கும்போது அந்த இடைவெளி சென்சாருக்கு நேராக வரவேண்டும். எரியும் வரிசை 1-5-3-6-2-4 என்பதால் காயில்கள் 1-6, 5-2, 3-4 என்று இணையும். கணினி செயலிழந்தால் இடிஐஎஸ் தானாகவே 10 பாகையில் தீப்பொறி கொடுத்து வீடுவரை கொண்டுபோய்ச் சேர்க்கும். பழைய காருக்கு இது விலைமதிப்பற்ற குணம்.

கவனிக்காமல் விடப்படும் பொருள் புல்லிதான். அதன் வெளிவளையமும் நடுப்பகுதியும் ரப்பரால் ஒட்டப்பட்டவை. அரை நூற்றாண்டில் ரப்பர் தளர்ந்து வெளிவளையம் நகர்ந்திருந்தால், அதிலுள்ள குறி காட்டும் பாகை பொய். அந்த வளையத்திலேயே பல் சக்கரத்தைப் பூட்டினால், ஓடும்போதே நேரம் நழுவும். இன்ஜினில் ஓட்டை விழவும் இது போதும். பிஸ்டனின் உண்மையான உச்சியை ஸ்பார்க் பிளக் துளை வழியாக அளந்து புதிய குறி இட்ட பிறகே அடுத்த வேலைக்குப் போக வேண்டும். காந்தச் சென்சாரின் இரண்டு வயர்களும் இடம் மாறினாலும் இன்ஜின் ஓடும். ஆனால் வேகம் கூடக் கூடப் பாகை விலகும். டைமிங் லைட்டைப் பிடித்து, கணினி சொல்லும் பாகையையும் புல்லி காட்டும் பாகையையும் எல்லா வேகத்திலும் ஒப்பிடுவது அதனால்தான்.

வயரிங்

வயரிங் ஒரு வீட்டின் கழிவுநீர்க் குழாயைப் போன்றது: ஒழுங்காக இருக்கும்வரை யாரும் அதை நினைப்பதில்லை. விதிகள் சில. சென்சார்களின் எர்த் வயர் கணினிக்கே திரும்பிப் போக வேண்டும். காரின் உடலில் எங்கேயாவது திருகக் கூடாது. கணினியின் மின் எர்த் இன்ஜின் பிளாக்கில் ஒரே புள்ளியில் சேர வேண்டும். கிராங்க் சென்சாரின் வயருக்கு உறை வேண்டும். உறையை ஒரு முனையில் மட்டுமே எர்த் செய்ய வேண்டும். இவற்றை மீறினால் ஹெட்லைட் போட்டதும் இன்ஜின் சூடு நாலு டிகிரி ஏறியதாகத் திரை காட்டும்.

280இசட்டின் மூல இன்ஜெக்டர்களின் மின்தடை 2 முதல் 3 ஓம் வரைதான். தொடர் மின்தடைகள் இல்லாமல் அவற்றைச் சாதாரண வெளியீட்டில் இணைத்தால் பெட்டியின் டிரான்சிஸ்டர் எரியும். பழைய காரில் அந்த மின்தடைத் தொகுப்பு இருந்தது, அதையே வைத்துக்கொள்ளலாம். வெப்பச் சென்சாரிலும் ஒரு பொறி உண்டு. பாஷ் வகைச் சென்சார் 20 டிகிரியில் சுமார் 2500 ஓம் காட்டும். மெகாஸ்குவர்ட் எதிர்பார்க்கும் ஜெனரல் மோட்டார்ஸ் வகையோ சுமார் 3500 ஓம். அளவுத்திருத்தம் செய்யாவிட்டால் குளிர்ந்த இன்ஜின் சூடாக இருப்பதாகக் கணினி நினைக்கும். மூலக் காரின் த்ராட்டிலில் இருந்தது ‘மூடியிருக்கிறது, முழுதும் திறந்திருக்கிறது’ என்று இரண்டே நிலை சொல்லும் சுவிட்ச். அதற்குப் பதிலாக நிலையைத் தொடர்ந்து சொல்லும் சென்சார் வேண்டும். பலர் நிஸ்ஸான் 240எஸ்எக்ஸ் காரின் 60 மி.மீ. த்ராட்டிலைப் பொருத்தி இரண்டு வேலையையும் ஒன்றாக முடிக்கிறார்கள்.

சீரமைத்தல்

முதல் முறை இன்ஜின் எழுந்ததும் கொண்டாட்டம் வரும். அசல் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. புகைக்குழாயில் அகல்வீச்சு ஆக்சிஜன் சென்சார் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. சமவெளிப் பயணத்தில் 15-க்கு அருகிலும் முழு த்ராட்டிலில் 12.5 முதல் 13 வரையிலும் விகிதம் இருக்க வேண்டும். சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் சிறு கசிவு இருந்தால் வெளிக்காற்று கலந்து கலவை மெலிந்ததாகக் காட்டும். அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டினால் பிளக்குகள் கருகும். ட்யூனர்ஸ்டூடியோ போன்ற மென்பொருள்கள் ஓட்டத்தின் போதே அட்டவணையைத் தாமே திருத்தும். பயணப் பகுதிக்கு அது நன்று. ஆனால் குளிர்ந்த நிலையில் எழுப்புதல், சூடாகும் வரையிலான கூடுதல் பெட்ரோல், மிதியைத் திடீரென அழுத்தும்போது தரும் துளி ஆகியவற்றை மனிதர்தான் பொறுமையாகச் சரிசெய்ய வேண்டும். ஒவ்வொரு குளிர் எழுப்பலுக்கும் இன்ஜின் ஓரிரவு ஆற வேண்டியிருப்பதால் இந்த வேலையை அவசரப்படுத்த இயலாது.

தீப்பொறி அட்டவணையில் அதிகத் துணிவு கூடாது. எல்28-ல் முழுச் சுமையில் மொத்த முன்னேற்றம் சுமார் 34 முதல் 36 பாகை என்பது நெடுநாள் வழக்கம். அதைத் தாண்டினால் தட்டும் ஓசை வரும்; அந்த ஓசை காதில் விழுவதற்குள் பிஸ்டன் வளையத்தின் விளிம்பு உடைந்திருக்கலாம். ஆறு தனித்தனி த்ராட்டில்கள் பொருத்திய இன்ஜினில் மேனிஃபோல்டு அழுத்தம் நிலையாக இருக்காது. அங்கே த்ராட்டிலின் கோணத்தையும் வேகத்தையும் வைத்துக் கணக்கிட வேண்டியிருக்கும்.

சட்டம்

கலிஃபோர்னியாவில் 1975 மற்றும் அதற்கு முந்தைய மாடல் ஆண்டுப் பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே 280இசட் வரிசையின் நடுவிலேயே எல்லைக்கோடு விழுகிறது. 1975 மாடல் சோதனைக்கு வர வேண்டியதில்லை. 1976 முதல் 1978 வரையிலான மாடல்கள் வர வேண்டும். சோதனையில் பார்வையிடலும் அடங்கும். மாநிலக் காற்று வள வாரியத்தின் ஒப்புதல் ஆணை இல்லாத செலுத்துமுறை, எவ்வளவு சுத்தமாகப் புகைத்தாலும் அங்கே தேறாது. அதனால் அந்த ஆண்டுகளின் கார் வைத்திருப்பவர்கள் காற்றளவியையும் மூலப் பெட்டியையும் வயர் தொகுப்பையும் வெட்டாமல் கழற்றிப் பெட்டியிலிட்டு வைப்பது வழக்கம். காரை விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பதும் அந்தப் பெட்டியையும், எந்த நிற வயர் எங்கே போகிறது என்று வரைந்த தாளையும்தான்.